அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய சோறு

தம்பி,

எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம் என்று பார்த்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் குன்னத்திலிருந்து வெயிலில் நடந்து வந்து, "மவன் கல்யாணக் காயிதமாங்க?" என்று கேட்டு ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். நான் நாலு தரம் படித்தேன். உன் அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். நீ இரண்டு காரியம் எழுதியிருக்கிறாய். ஒன்று, தை மாதம் நடக்கிற உன் கல்யாணத்துச் சாப்பாடு அக்கா கல்யாணத்துச் சாப்பாட்டுக்கு ஒரு படி கூடப் போக வேண்டுமே தவிர இறங்கக் கூடாது, ஆண்டிமடத்துச் சம்பந்தி வீட்டார் முந்திரித் தோப்புக்காரர்கள், அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். இரண்டு, அஞ்சலையை மறக்காமல் அழைக்க வேண்டும், மூன்று வருஷமாக அவள் நம் வீட்டு வாசலை மிதிக்காதது ஏன் என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன். இந்த இரண்டும் ஒரு பந்தலுக்குள் நடக்காது, ராசா. ஏன் நடக்காது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னால் தாங்க முடியாது. எழுதிவிட்டால் நீ திருச்சியில் உன் ரூமில் உட்கார்ந்து எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படலாம். கோழி கிண்டினது போல இருக்கிறது என் எழுத்து, பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

அஞ்சலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் உனக்கு நினைவில்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு இரண்டு வயது முடியாதபோது உன் தங்கை பிறந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். எனக்குச் சுரம் வந்து இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. உன்னைப் பார்க்க ஆளில்லை. அஞ்சலை நம் காட்டில் களை வெட்டுகிறவள், அவள் புருஷன் மருதை நம் பண்ணையாள். காலையில் நீ அழுதுகொண்டே அவள் பின்னால் காட்டுக்குப் போவாய். பொழுது சாய அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டே வருவாய். உன் வாயோரத்தில் சோளக் கூழ் காய்ந்திருக்கும். அது யார் வீட்டுக் கூழ் என்று எனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். நம் சாதிக்காரர்கள் யாராவது கேட்டிருந்தால் பெரிய ரகளை ஆகியிருக்கும். அப்பா பார்த்தும் பார்க்காதது போல மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுவார். அவள் தன் பங்கைத்தான் உனக்கு ஊட்டியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் கூழ் மிஞ்சின நாளே கிடையாது.

இப்போது அக்கா கல்யாணத்துக்கு வருகிறேன். ஜப்பான் சண்டை உச்சத்தில் இருந்த வருஷம் அது. பர்மா அரிசி நின்றுபோய், பெரம்பலூரில் ரேஷன் கடை முன்னால் ஜனங்கள் விடிகாலையிலிருந்து நிற்பார்கள், பாதிப் பேர் வெறும் பையோடு திரும்புவார்கள். விளைந்த நெல்லில் வீட்டுக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு மிச்சத்தைச் சர்க்கார் அளந்து எடுத்துக்கொண்டது. கல்யாணம் காட்சி என்று கூட்டம் கூட்டிச் சோறு போடக் கூடாது என்று உத்தரவு வேறு. எல்லாம் உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் மனுஷருக்குப் பிடிவாதம். நம் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. இவர்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு, அரும்பாவூருக்குப் போய், "எம் பொண்ணு கல்யாணம் எங்க வூட்டுலதாங்க" என்று முறுக்கிக்கொண்டு பேசி முடித்துவிட்டு வந்தார். வந்தபிறகு மாட்டுக் கொட்டகையில் தரையைத் தோண்டி, வைக்கோல் பரப்பி, நெல்லைக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மெழுகி, அதன்மேல் பசுவைக் கட்டினார். கணக்கு எடுக்க வந்தவர்கள் பசுவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் தடுத்தேன் என்று நினைக்காதே. சாணி போட்டு மெழுகினது நான்தான். அந்த நெல் குழிக்குள் போனதால் மருதைக்கும் அஞ்சலைக்கும் தானியமாக அளக்க வேண்டிய கூலி நின்றுபோனது. நெல்லே இல்லை என்று சர்க்காரிடம் சொன்னவர்கள் ஆளுக்கு எப்படி அளப்பது? காசாகக் கொடுத்தோம். காசை வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் நிற்கத்தான் முடிந்தது, அவர்களால்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் ஒரு வீம்பு உண்டு, நீ பார்த்திருப்பாய், என்னவென்று யோசித்திருக்க மாட்டாய். வடித்த சோற்றைப் பாயில் வெள்ளை வேட்டி விரித்துக் குவிப்பார்களே, அந்தக் குவியலின் அடிப்பாய் யார் கண்ணிலும் படக் கூடாது. கடைசிப் பந்தி எழுந்திருக்கிறவரை குவியல் குறையக் குறைய மேலே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாய் தெரிந்தால் பெண் போகிற இடத்தில் நெல் குதிர் காலியாகிவிடும் என்று சொல்லிக்கொள்வது. சாப்பிடுகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. இலையில் கால்வாசியாவது விட்டுவிட்டு எழுந்தால்தான் பெரிய மனுஷன், வழித்துச் சாப்பிட்டால் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று சிரிப்பார்கள். மறுநாள் கொல்லையில் கிடக்கிற எச்சில் இலை எத்தனை உயரம் என்று ஒருத்தருக்கொருத்தர் கை வைத்துக் காட்டுவார்கள். கால் வயிற்றுக்குக் கஞ்சி இல்லாத வருஷத்திலும் இந்த வீம்பு மட்டும் குறையவில்லை. நானும் அந்த உயரத்தைக் கேட்டுக் குளிர்ந்துபோனவள்தான்.

கல்யாணத்தன்று நீ மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்காவோடு வண்டியேறி அரும்பாவூர் போனாய். பெண்ணோடு கூடப் பிறந்தவன் போக வேண்டும் என்பது முறை. அங்கிருந்து அப்படியே லீவு முடிந்து திருச்சிக்குப் போய்விட்டாய். அதனால் அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது உனக்குத் தெரியாது. மத்தியானப் பந்தி முழுக்கச் சொந்தக்காரர்கள். நம் ஊர்க்காரர்களுக்கும், எல்லோரும் தின்றபிறகு கடைசியாகத் தெற்குத் தெருவிலிருந்து வருகிற நம் காட்டு ஆட்களுக்கும் சாயங்காலம். அதற்காக அரியலூரிலிருந்து வந்த சமையல்காரர் மறுபடியும் உலை வைத்தார். அடிப்பாய் தெரியக் கூடாது என்று நான்தான், "இன்னொரு அண்டா வைங்க" என்றேன். அவர், "அரிசி தாங்குமாங்க?" என்று கேட்டார். "தாங்கும், நீங்க வைங்க" என்றேன். மூன்று அண்டாச் சோறு, பூசணிக்காய்ச் சாம்பார், வெல்லப் பாயசம். சோற்றை வடித்துக் குவித்தபோது ஆவி கூரையைத் தொட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தெற்குத் தெரு ஜனங்கள் சட்டியும் பானையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அஞ்சலை சிரித்துக்கொண்டே, "வாசம் வயித்தக் கிள்ளுது ஆண்டச்சி" என்று சொன்னாள். "இரு, இரு, ஊரு சாப்புட்டு முடிக்கட்டும்" என்று நானும் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் தலையாரி ஓடிவந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "நெல்லுக் கணக்கு இன்ஸ்பெக்டரு ஐயா வராருங்க! ஏரிக்கரை தாண்டிட்டாரு! சைக்கிள்ல வராரு, நேரா நம்ம வூட்டுக்குத்தான் வழி கேட்டாராம்!" என்றான். உன் அப்பாவுக்கு முகத்தில் ரத்தமில்லை. சோறு இருந்தால் நெல் எங்கே இருந்து வந்தது என்ற கேள்வி வரும், நெல் என்றால் கொட்டகைக் குழி, குழி என்றால் விலங்கு, பெண்ணை அனுப்பின அன்றைக்கே மானம் போகும். அப்படித்தான் எங்கள் இரண்டு பேர் புத்தியும் ஓடியது. பந்திக்கு வரத் தொடங்கின ஊர்க்காரர்களைத் திருப்பி அனுப்பினோம். வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களை, "போங்க, போங்க, இன்னிக்கு இல்ல" என்று விரட்டினோம். மருதையைக் கூப்பிட்டு, கொல்லையில் இருக்கிற எருக்குழியைப் பிளந்து எல்லாவற்றையும் கொட்டி மூடச் சொன்னார் அப்பா. மருதை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு கும்பிட்டான். "ஆண்டே, ஒரு ரெண்டு கூடை மட்டும் எங்க தெருவுக்குத் தூக்கியாந்துர்றேன். பொழுதுக்குள்ள தின்னு முடிச்சுருவோம். தடமே இருக்காது" என்றான். "தெருவுல கண்டா எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டானாடா? மூடுடா!" என்று அப்பா கத்தினார். மூடினான். நான் பக்கத்தில் நின்று சாம்பார் அண்டாவைச் சாய்த்தேன். பாயசத்தையும் நான்தான் சாய்த்தேன். சூடான சோறு சாணிக்கு அடியில் புகைந்தது. மருதை மண்ணை இழுத்துப் போடப் போட, அந்தப் புகை மண்ணின் இடுக்கில் வந்துகொண்டே இருந்தது. அவன் காலால் மிதித்து மிதித்து அடக்கினான்.

வந்த இன்ஸ்பெக்டர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உன் அப்பாவுக்குக் கைகூப்பினார். "தப்பா நெனைக்காதீங்க. காலையிலேர்ந்து முகாம் முகாமா அலைஞ்சு வயித்துல ஒண்ணுமில்ல. கல்யாண வூடுன்னு சொன்னாங்க. ஒரு வாய் சோறு கெடைக்குமான்னு வந்தேன்" என்றார். உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில், பசி என்று வந்த மனுஷனுக்குப் போட என்னிடம் ஒரு பருக்கை இல்லை. அடுப்படியில் பானை அடியில் காலையில் வேலைக்காரர்களுக்கு ஆக்கின கம்மஞ்சோறு ஓர் உருண்டை கிடந்தது. அதை மோரில் கரைத்து, வெங்காயம் ஒன்று வைத்துக் கொடுத்தேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் இடுக்கில் கூட மிச்சம் வைக்காமல் குடித்தார். "இந்த வருஷத்துக்கு இதுதாங்க அமிர்தம். நீங்க உத்தரவுக்கு அடங்கிக் கல்யாணம் பண்ணியிருக்கீங்க, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் உன் அப்பா ஓடிப்போய்க் குழியைப் பார்த்தார். எடுப்பதற்கு அதில் ஒன்றும் சோறாக இல்லை. அன்றைக்கு ராத்திரி நம் வீட்டிலேயே யாரும் சாப்பிடவில்லை.

இதுவரைக்கும் சொன்னது முட்டாள்தனம். இனிமேல் சொல்லப்போவது பாவம், அது முழுக்க என்னுடையது. இரண்டாம் நாள் காலையில் துணி துவைக்க ஏரிக்குப் போனேன். ஆனி மாதம், தண்ணீர் நடு ஏரியில் குட்டை போலக் கிடந்தது. அஞ்சலை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு மூங்கில் கூடையை அமுக்கி அமுக்கி அலசிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் சோறு. கறுப்பாக, மஞ்சளாக. காற்று என் பக்கம் வீசியது. சாணி வாடையும் புளித்த வாடையும். எனக்குப் புரிந்துவிட்டது. கரையில் ஒரு சாக்கை விரித்து, ஏற்கனவே கழுவினதை வெயிலில் காயப் போட்டிருந்தாள். மருதை எங்கே மூடினான் என்று அவனுக்குத்தானே தெரியும்? முதல் நாள் இருட்டினபிறகு போய்த் தோண்டி எடுத்திருக்கிறான். நான் அப்போதே ஓடிப்போய் அந்தக் கூடையைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு அழைத்து வந்து கொட்டகைக் குழியில் மீந்து கிடந்த நெல்லில் ஒரு மரக்கால் அள்ளிப் போட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கரைக்குப் போய்விட்டேன். அவளிடம் பேசினால் குழிச் சோறு ஊருக்குத் தெரியும், போன இடத்தில் என் பெண்ணை எருக்குழிச் சோற்றுக்காரி என்று குத்திக் காட்டுவார்கள் என்ற பயம். அது மட்டுமா? நல்லாக் கழுவுகிறாள், வேக வைத்தால் சரியாகிவிடும், இவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்றும் நினைத்தேன். ஆமாம் தம்பி, உன்னைப் பெற்றவள் அப்படி நினைத்தாள்.

அன்றைக்கு ராத்திரியே மருதைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடிந்ததும் செய்தி வந்தபோது உன் அப்பா வேறு யாரையும் கூப்பிடவில்லை. தானே வண்டி பூட்டி, தானே அவனைத் தூக்கிப் படுக்க வைத்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பாதி வழியிலேயே போய்விட்டான். அஞ்சலைக்கும் கண்டது, ஆனால் பிழைத்துக்கொண்டாள். அவள் அவனுக்கு நிறையப் போட்டுவிட்டுத் தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கிறாள், எப்போதும் போல. கோடைத் தண்ணீர்க் கோளாறு என்று ஊர் சொன்னது. உனக்கும் அப்படித்தான் எழுதினேன். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அப்பா இரண்டு மரக்கால் நெல் அனுப்பினார். கொண்டுபோனவனிடமே திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு முதல் நம் காட்டுக்கும் வருவதில்லை, வாசலுக்கும் வருவதில்லை.

அந்தக் குழி எங்களை அத்தோடு விட்டுவிடவில்லை. பாயசமும் சாம்பாரும் சாணியோடு புளித்து, புழுத்து, ஊர் நாயெல்லாம் கொல்லையில் கூடியது. ஆடியில் பெய்த மழை அதைக் கரைத்து ஊற்றுக்குள் இறக்கிவிட்டது. குழிக்கும் கொல்லைக் கிணற்றுக்கும் பத்தடி கூட இல்லையே. கார்த்திகை வரை அந்தத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மிளகாய்ப் பாத்தி முழுக்கக் கருகியது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலத் தெருவுக்கு நடந்தேன். நடக்கும்போதெல்லாம் ஒன்றையே நினைப்பேன். நம் ஊர் வானம் பார்த்த ஊர். சோளமும் கம்பும் மழைக்கு விளையும். நெல்லுக்கு மட்டும் ஏரிக்குக் கீழே அரைக் காணி, அதற்கும் பாதி நாள் இந்தக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான். கோழி கூவும் முன்னே கவலை ஏற்றம் பூட்டி, மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டி, சால் சாலாக மருதை இறைத்த தண்ணீர் அது. அப்படி விளைந்த நெல்லை அவனைக் கொண்டே புதைக்க வைத்து, அவன் தண்ணீரையும் கெடுத்து, அவனையும் தின்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு நம் அடுப்படியில் பழக்கம் மாறியதை நீ கவனித்து, "என்னம்மா, சின்னப் பானையா வாங்கி அடுக்கியிருக்க?" என்று கேலி செய்தாய். ஆமாம், சின்னப் பானைதான். யார் யார் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உலை வைக்கிறேன். போதாவிட்டால் இன்னொரு உலை கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? காத்திருக்கட்டும், பசியோடு உட்கார்ந்தவனுக்குச் சோறு ருசிக்கும். மிஞ்சினதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நானும் உன் அப்பாவும் குடிப்போம். உன் ரூமில் நீயும் உன் சிநேகிதனும் ஆக்கித் தின்கிறீர்களே, ராத்திரி மீந்ததை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் கொட்டுகிறோம் என்று போன தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நீயும் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஜன்னலுக்குக் கீழே ரேஷன் வரிசை போகிறது என்றும் நீதான் சொன்னாய். வரப்போகிறவளிடமும் சொல்லிவை, நம் வீட்டில் இலையை வழித்துச் சாப்பிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள், முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சண்டை முடிந்தும் ரேஷன் முடியவில்லை. ரேஷன் முடிந்த பிறகும் இப்படியே இருங்கள்.

நேற்று நான் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். நீ எழுதின வரிதான் என்னைப் பிடித்துத் தள்ளியது. மூன்று வருஷம் போகாத கால் நேற்றுப் போனது. யாரோ ஒருவருடைய காட்டில் அவள் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. நான் போய் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். அவள் அரிவாளை நிறுத்தவில்லை. "எம் மவனுக்குக் கல்யாணம், தை மாசம்" என்றேன். "தம்பி நல்லாருக்கா? மெலிஞ்சு போயிருந்துச்சே" என்றாள். "ஒன்ன அழைக்கச் சொல்லிக் காயிதம் போட்டிருக்கான்" என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. ஏரியில் அவளைப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் போனேன் என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"தெரியும்" என்றாள். "நீங்க மூட்டையத் தூக்கிட்டுப் போனத நானும் பாத்தேன். கூப்புட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு கூடை வெங்காயம் அறுத்து முடித்தாள். பிறகுதான், "எந்தப் பந்தியில சோறு?" என்று கேட்டாள். "நீயே சொல்லு" என்றேன். சொன்னாள். நான் அப்படியே எழுதுகிறேன். "மொதப் பந்தியில. உள்ள உக்காந்து. வேலிக்கு அந்தாண்ட சட்டிய வச்சிக்கிட்டு இனிமே உக்கார மாட்டேன். எனக்கு ஒரு எலை போடுங்க. பக்கத்துல அவருக்கு ஒரு எலை போடுங்க. சுடச் சுடப் போடுங்க. பயப்படாதீங்க, ரெண்டு எலைச் சோத்தையும் நானே தின்னுருவேன். ஒரு பருக்கை வீணாப் போவாது." நான் சரி என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். திரும்பி நடந்து வரும்போதுதான் ஊரும் சம்பந்தி வீட்டாரும் நினைவுக்கு வந்தார்கள்.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வெகுநேரம் திரித்துக்கொண்டே இருந்தார். ஊரைப் பற்றிச் சொல்வார், சாதியைப் பற்றிச் சொல்வார், சம்பந்தி எழுந்து போய்விடுவார் என்பார் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர், "அந்த ரெண்டு எலைக்கும் நான் பரிமாறுறேன். வேற ஆரும் கரண்டியத் தொடக் கூடாது" என்றார். அந்த மீசைக்காரர் அழுது நான் பார்த்தது, உன் தங்கை செத்த அன்றைக்கும் நேற்றும்தான்.

ஆக, உன் கல்யாணச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும். ஒரே பந்தி வரிசை, ஊரும் தெருவும் சேர்ந்து. எண்ணி அழைப்போம், அழைத்தவர்களுக்கு ஆக்குவோம். சோறு பாதி, கம்பு பாதி. குவியல் கிடையாது, பாய் தெரிந்தால் தெரியட்டும். ஆண்டிமடத்து மாமனார் வாயைப் பிளக்கப்போவதில்லை. அஞ்சலை உள்ளே உட்காருவதைப் பார்த்து அவர் எழுந்து வெளியே போனாலும் போவார். ஒருவேளை கல்யாணமே நின்றாலும் நிற்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகையால் அவரிடம் முன்கூட்டியே பேச வேண்டியது நீ. பெண்ணிடமும் சொல்லச் சொல். உனக்கு இது பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும், ராசா. செய்தது நாங்கள், சுமப்பது நீ. என்மேல் கோபமாக இருந்தால் இரு, அது நியாயம். ஆனால் உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டேன். அவள் கொடுக்கவில்லை. இரண்டு இலை கேட்டாள். அவற்றைப் போடும்போது நீ மணமாலையோடு என் பக்கத்தில் நிற்பாயா, மாட்டாயா என்று மட்டும் எழுது.

உன் அம்மா